இந்த வருடம் அம்மனுக்குச் சகடை

தம்பி,

செப்டெம்பர் பிறந்தால் என் வலது காது சூடேறிவிடும் என்பது உனக்குத் தெரியும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக அழைப்பேன். "நவராத்திரி வருகுது. ஒன்பது நாளும் வர ஏலாட்டிலும் மானம்பூவுக்கு ஒருக்கா வாங்கோ. அம்மனைக் காவ ஆள் வேணும்" என்பேன். உன் அம்மா குசினிக்குள் இருந்து, "அந்தாளைச் சாப்பிட விடுங்கோவன்" என்று சத்தம் போடுவாள். இந்த வருடமும் எல்லோரையும் அழைத்தேன். உன்னை மட்டும் அழைக்கவில்லை. அவள் போன பிறகு வந்த எந்த நவராத்திரிக்கும் உன்னை நான் அழைத்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு என்ன அழைப்பு, வருகிறவன் தானாக வருவான் என்று வீம்பாக இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால், "அப்பா, இரத்தத்தில சீனி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டுக் கதையை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. உன் தமிழ் வாசிப்பு சனிக்கிழமை வகுப்போடு நின்றுபோனது. எழுத்துக்கூட்டி வாசி, ஏலாவிட்டால் மருமகளிடம் கொடு. அவள் வாசிப்பதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

நம்முடைய கோயிலைப் பார்த்து நீ சின்ன வயதில் சிரித்திருக்கிறாய். ஒரு பக்கம் குசினி அலுமாரி செய்கிறவன், மறு பக்கம் காரின் கியர்பெட்டி திருத்துகிறவன், நடுவில் அம்மன். கோபுரம் இல்லை, ஷட்டர் கதவுதான் இருக்கிறது. ஆனால் விஜயதசமி அன்று பின்னேரம் அந்த ஷட்டரைத் தூக்கி, மரக்குதிரையில் அம்மனை வெளியே எடுத்துப் பார்க்கிங் லொட்டைச் சுற்றி வரும்போது, எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. பிக்கரிங்கில் இருந்து ஒருவர் கோடை முழுக்க வளவில் வளர்த்த வாழையைத் தறித்துக் கொண்டுவந்து நட்டு வைப்பார். வாழைதான் அசுரன். ஐயர் வாளால் வெட்டுவார், அதுதான் மானம்பூ. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் குளிர் உள்ளங்காலால் ஏறி முழங்கால் வரைக்கும் வரும். ஐயருக்கு மேலில் ஒரு சால்வை மட்டும்தான். அவர் மந்திரம் சொல்லும்போது வாயால் புகை வரும். பக்கத்து அலுமாரிக் கடைக்கார இத்தாலியன் அந்த நேரத்துக்கு மட்டும் மரம் அறுக்கிற வாள் மெஷினை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அவனை நான் ஒருநாளும் அழைத்ததில்லை. அவன் ஒருநாளும் தவறவிட்டதும் இல்லை.

அந்தக் குதிரையைத் தோளில் காவ எட்டுப் பேர் வேண்டும். இரண்டு நீளக் காவுதடி, தடிக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். உயரம் பார்த்துத்தான் ஆளை நிறுத்த வேண்டும். உயரமானவன் தோளில்தான் பாரம் எல்லாம் விழும்; கட்டையானவனின் தோளில் தடி சும்மா தொட்டுக்கொண்டு இருக்கும். இது தெரியாமல் நிறுத்தினால் சாமி சரியும். ஆட்களை நிறுத்துவது என் வேலை. நீ முதல்முறை தடி பிடித்தபோது உனக்கு மீசை முளைத்துக்கொண்டிருந்தது, என்னைவிட ஒரு சாண் வளர்ந்திருந்தாய். உன்னை வேறு தடியில் விட்டிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? என் மகன் என் முன்னால் நடக்க வேண்டும் என்று உன்னை முன்னுக்கும் என்னைப் பின்னுக்கும் வைத்துக்கொண்டேன். வாசல் தாண்டியதும் பார்க்கிறேன், தடி என் தோளில் முட்டவே இல்லை. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறாய். குதிரை ஒரு பக்கம் சாய்கிறது. "குனியடா! சாமி சரியுது, குனி!" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கத்தினேன். நீ குனிந்தாய். கொஞ்சத் தூரம் போனதும் திரும்பவும் நிமிர்ந்தாய். திரும்பவும் கத்தினேன். வீட்டுக்கு வந்து உன் தோளைப் பார்த்தபோது தோல் உரிந்து சிவந்து கிடந்தது. உன் அம்மா தேங்காயெண்ணெய் பூசினாள். "அவன் உங்கட பாரத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறான், அது விளங்காமல் பெடியனைப் பேசிப்போட்டியள்" என்றாள். பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகும் நீ ஒவ்வொரு வருடமும் வந்தாய், நிமிர்ந்துதான் நடந்தாய், நானும் கத்திக்கொண்டுதான் வந்தேன். அது நமக்குள் ஒரு பகிடியாகிப் போனது.

பிறகு அந்தப் புரட்டாதி வந்தது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது நவராத்திரிக்கு அம்மனின் சேலை, மாலை, சகலதும் அவள் கையால் ஒழுங்காகி முடிந்திருந்தது. செத்த வீட்டுக்கு நம் சனத்தை யாரும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டால் வந்துவிடுவார்கள். அன்று மண்டபம் கொள்ளாத சனம். கிரியை முடிந்து பெட்டியை மூடிய பிறகு, அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியன் சில்லு வைத்த தாங்கியைக் கொண்டுவந்து, தூக்குவதற்கு உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை உருட்டுவதா என்று மரியாதையாகக் கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். "அப்பா, நாங்கள் தூக்குவம். எல்லா அங்கிள்மாரும் நிக்கினம்தானே" என்றாய். உண்மைதான். அம்மனைக் காவுகிற அத்தனை பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யாரும் நமக்குச் சொந்தமில்லை, சாவுத் துடக்கு அவர்களுக்கு இல்லை, முழுகினால் தீர்ந்தது. ஆனால் என் புத்தி அந்த நேரத்தில் கோயில் வாசலில் நின்றது. பிரேதம் காவிய தோளில் ஒன்பதாம் பத்தாம் நாள் அம்மனை ஏற்றுவதா, நாளைக்கு ஒருவன் நாக்கு வளைத்தால் என்ன சொல்வது, ஒருவன் தீட்டு என்று பின்வாங்கினால் எட்டுப் பேருக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டேன். "வேண்டாம் தம்பி, உருட்டட்டும். அவங்கள் அடுத்த கிழமை சாமி காவவேணும்" என்றேன். அந்தப் பெடியன் ஒரு கையைப் பெட்டியில் வைத்துத் தள்ளினான். கம்பளத்தில் சில்லுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த வருடம் அம்மன் எட்டுத் தோளில் ஏறி நன்றாகத்தான் சுற்றி வந்தாளாம். துடக்கு வீடு என்றபடியால் நீயும் நானும் டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, நீ வாழையிலையை மடித்துக் குப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாய்: "அம்மாவை உருட்டினியள். அம்மனைத் தூக்குங்கோ." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சண்டை பிடித்திருப்போம், இரண்டு கிழமையில் ஆறியிருக்கும். நீ பையை முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ என்னை விட்டுவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாய். மருந்து, மரக்கறி, காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றுவது எல்லாம் உன் பொறுப்பு. கோயிலுக்கும் ஏற்றிக்கொண்டு போகிறாய். ஷட்டருக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல், "முடிஞ்சதும் கோல் பண்ணுங்கோ" என்கிறாய். நான் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் கார் நகரத் தொடங்கிவிடும். உள்ளே போய்ச் சில நாள் விபூதி பூசியதை மறந்து திரும்பவும் பூசுவேன். வயது என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள்.

நான் உன்னோடு வழக்காட எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவளே உயிரோடு இருந்திருந்தால், "என்னைப் பாக்காதேங்கோ, சாமி அலுவலைப் பாருங்கோ" என்றுதான் சொல்லியிருப்பாள் என்று வாதாடலாம் என்று இருந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அவள் சொல்லியிருப்பாள் என்பதற்காக நான் செய்திருக்க வேண்டுமா? மனுசி சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் உடனே நம்பிக் கடைசித் தோசையை எடுத்துச் சாப்பிடுகிற ஆள் நான். நாற்பது வருடம் அப்படியே பழகிவிட்டது. உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இதையாவது கேள். வீட்டில் ஒருத்தி எதையும் கேட்காமல் இருந்தால் அவளுக்கு வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. மருமகளிடம் இரண்டாம் தரமும் கேள். மூன்றாம் தரம் கேட்டால் எரிச்சல்படுவாள், படட்டும்.

சரி, இந்த வருடக் கதைக்கு வருகிறேன். போன வருடமே ஆட்கள் குறைந்துபோனார்கள். ஒருவர் செத்துப்போனார், ஒருவர் பிள்ளையோடு மேற்கே போய்விட்டார், மற்றவர்களுக்கு முழங்காலில் இரும்பு. ஐந்து பேர்தான் வந்தார்கள், ஆறாவதாக நான் தடி பிடித்தேன். வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. மூலையில் தண்ணீர் போகிற இரும்புக் கம்பியில் கால் வைத்தபோது என் தோள் விட்டுவிட்டது. குதிரை முன்பக்கம் சரிந்து, அம்மனின் மாலை கழன்று தாரில் விழுந்தது. ஐயர் பாய்ந்து பிடித்தபடியால் விக்கிரகம் தப்பியது. அன்றைக்கு உன்னிடம் தோள் சுளுக்கு என்று மட்டும் சொன்னேன். தடி முழுப் பாரத்தோடு என் தோளில் இறங்கியபோதுதான் உன் அம்மா அன்றைக்குச் சொன்னது எனக்கு விளங்கியது, இத்தனை வருடமாக நான் அம்மனைத் தூக்கவே இல்லை. நீ தூக்கினாய், நான் பின்னால் வந்து கத்தினேன்.

இந்த முறை செப்டெம்பர் முதல் கிழமையே தொடங்கிவிட்டேன். முதலில் எடுத்தவர், "அண்ணை, டிஸ்க் விலகிப் போச்சு. பால் பைகூடத் தூக்க வேண்டாம் எண்டிட்டார் டொக்டர்" என்றார். அடுத்தவர், "வேலை நாளில வைச்சா ஆர் அண்ணை வாறது? வீக்கெண்டுக்கு மாத்துங்கோ, அம்மன் கோவிக்க மாட்டா" என்றார். அம்மனோடு அவர் நேற்றுத்தான் கதைத்தவர் மாதிரி அவ்வளவு உறுதி. இன்னொருவர், "லைவ் போடுவியள்தானே? வேலையில இருந்து கும்பிடுவன்" என்றார். அவர் மகனிடம் கேட்டேன். "அங்கிள், ஐ வில் ட்ரை, ஓகே? ரெக்ஸ்ற் பண்ணுங்கோ" என்றான், நல்ல பிள்ளை. ரெக்ஸ்ற் எழுதி அனுப்பினேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்று வந்தது. இப்படி எத்தனை கும்பிடுகிற கைகள் என் போனில் இருக்கின்றன தெரியுமா? ஒரு தோள் இல்லை. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உபயத்துக்குக் கேட்டால் உடனே தருவார்கள், சோறு கொடுக்கும் நாளில் பிள்ளைகளோடு வருவார்கள், உன் அம்மாவின் செத்த வீட்டில் கண்ணீரோடு நின்றவர்கள். தடி பிடிக்க மட்டும் வரமாட்டார்கள். எனக்குக் கோபம் போய்விட்டது, தம்பி. கோபம் இருக்கும்வரை நம்பிக்கையும் இருந்தது. இப்போது ஒவ்வொரு போனையும் வைக்கும்போது வெறும் களைப்புத்தான்.

கமிட்டி கூடியது. தலைவர் வீடு விற்றுக் கொடுக்கிறவர், ஆளை நோகாமல் பேசத் தெரியும். "ஊரிலையும் சகடை இருக்குத்தானே அண்ணை. சில்லில வந்தாலும் அம்மன் அம்மன்தானே. விழுத்திப்போட்டு அழுறதைவிட இது நல்லம்" என்றார். சாத்திரத்தில் பிழையில்லை என்று ஐயரும் சொன்னார். நானும் கையைத் தூக்கினேன். பக்கத்துக் கடை இத்தாலியன்தான் செய்து கொடுத்தான். பளபளவென்று மரத்தட்டு, அடியில் நாலு ரப்பர் சில்லு, பின்னால் தள்ளுவதற்கு ஒரு கைபிடி. கூலி வாங்க மாட்டேன் என்றான். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பெடியள் எங்கே?" என்று அவனுடைய இங்கிலீசில் கேட்டான். வேலை என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் நம்பவில்லை.

அழைப்பை ஒலிப்பதிவு செய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்புவது இப்போது வழக்கம். குரல் என்னுடையது. நீ காரில் போகும்போது எப்போதாவது கேட்டிருப்பாய், கேட்டு நிறுத்தியும் இருப்பாய். ஒவ்வொரு வருடமும் ஒரே வாசகம்: இலை உதிரும் காலம் தொடங்குகிறது, அன்னையின் ஒன்பது இரவுகள் வருகின்றன, குடும்பமாக வாருங்கள், அம்மனைக் காவத் தோள் கொடுங்கள். தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, "அந்தக் கடைசி வரி இனித் தேவையில்லைத்தானே அண்ணை" என்றார். அதை வெட்டிவிட்டு, "வந்து தரிசித்து அருள் பெறுங்கள்" என்று எழுதினேன். வாசிக்கும்போது நாக்கு தடக்கியது, மூன்று தரம் திரும்பப் பதிந்தோம். இவ்வளவு காலமும் நான் சனத்தை ஒரு வேலைக்கு அழைத்தேன். இனிப் பார்ப்பதற்கு அழைக்கிறேன். பார்ப்பதற்கு ஏன் வர வேண்டும்? போனில் பார்க்கலாம். இன்னும் இரண்டு மூன்று புரட்டாதியில் அந்த ஷட்டருக்குப் பின்னால் ஐயரும் விளக்கும் மட்டும் இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

என் நாள் வரும்போது நீ ஆள் தேடி அலையாதே. நான் அலைந்து பார்த்துவிட்டேன், அது ஒரு மனிதனைத் தின்றுவிடும். அந்தப் பெடியன் மரியாதையாகக் கேட்டால், உருட்டட்டும் என்று நீயும் சொல். உன் அம்மா போன மாதிரியே நானும் போகிறேன், அது நியாயம். உனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பழிவாங்கினாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு முதல் விஜயதசமி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஆறு மணிக்கு ஷட்டர் திறக்கும். நேற்றுக் கோயிலில் யாரும் இல்லாத நேரம் குதிரையை ஏற்றிய சகடையைத் தள்ளிப் பார்த்தேன். பாரமே இல்லை, தம்பி. ஒரு கையால் போகிறது. தோள் உரியாது, யாரும் குனிய வேண்டியதில்லை, நிமிர வேண்டியதுமில்லை. நீ வரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். வந்தாலும் எஞ்சினை நிறுத்தமாட்டாய். இருந்தாலும் ஒருமுறையாவது முறையாக அழைக்க வேண்டும் என்பதால் அழைக்கிறேன்: மகன், மானம்பூவுக்கு வா. சகடை தள்ள யார் யார் என்று தலைவர் கேட்டார். இது சரியான பாரம், ஒரு ஆளால் ஏலாது, கட்டாயம் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா